மறுதலித்தவரின் ஊர்

ராயபுரத்துக்கு அந்தப் பேர் ராயப்பரால் வந்தது என்பார்கள். ராயப்பர் என்றால் பேதுரு. மீன் பிடித்தவர். சேவல் கூவுவதற்குள் மூன்று முறை "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று சொன்னவர். சாமி கும்பிடாத எனக்கு எங்க ஊர்மேல் இருக்கிற பாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கிருக்கும் ராயப்பர் கோவிலைக் கட்டியது எந்தத் துரையும் இல்லை, படகுக்காரர்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரைசேர்க்க வேண்டும். அந்த உழைப்பின் காசில் 1820களில் எழுந்த கோவில் அது.

ஆயா அங்கேதான் ஞானஸ்நானம் வாங்கியது. கல்யாணமாகி எண்ணூருக்குப் போனது. அப்பா வேற கட்சி. துறைமுகத்தில் வேலை, யூனியன். அவர் பெட்டியில் பகத் சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' இருந்தது. ஜீவா தமிழாக்கி, 1935ல் அதற்காகவே கைதான புத்தகம். பதினைந்து வயசில் அதைப் படித்த கையோடு ஆயாவிடம் போனேன்.

"சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டுப் போனவங்களையே உங்க மாதா காப்பாத்தலையே?"

ஆயா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தது. கையை நிறுத்தவில்லை.

"நானும் அத்தானேடா தெனம் ராத்திரி கேக்குறேன். பதிலு வர்ல. நீ கேட்டுட்டு எழுந்து பூட்ற. நான் கேட்டுட்டு அங்கியே குந்தினுகீறேன்."

எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இல்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் முடியவில்லை.

2023 டிசம்பர் 26, மறுபடி அதே தேதி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் படிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கண் எரிய, மூச்சு முட்ட ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். பைக்கில் போய்த் தேடினால் எங்க வீட்டார் எல்லாரும் இருக்கிறார்கள், ஆயா இல்லை.

பக்கத்து வீட்டில் நடக்க முடியாத ஒரு அம்மா. மாரியாத்தா பக்தை. ஆயாவோடு தண்ணீர்க் குழாயில் வருஷக்கணக்காகச் சண்டை. அவங்க முகத்தில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, ஆட்டோ வரும்வரை ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஆயாவுக்கே வீசிங்.

"செத்துப்போயிருப்ப" என்று கத்தினேன்.

"வுட்டுட்டு வந்துட்டு, நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சுனு பூசைக்குப் போறது?"

இதைச் செய்ய சாமி வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் புகைக்குள் ஆட்டோ ஓட்டி வந்தவருக்கு என்ன மதமோ, நான் கேட்கவில்லை. மறுநாள் ஆலைக்கு எதிரில் உட்கார்ந்த கூட்டத்தில் எல்லாரும்தான் இருந்தார்கள். ஆனாலும் ஆயாவின் தைரியத்திலிருந்து அதன் சாமியை மட்டும் உருவியெடுத்துவிட்டு மிச்சத்தைப் பாராட்டுவது நேர்மையாகப் படவில்லை. அது உட்காரப் பழகிய இடம் அந்தக் கோவில்தான்.

போன வருஷம் ஆயா படுத்த படுக்கையானது. ஒரு ராத்திரி அம்மா செபமாலையை எடுத்தாள். ஒருத்தர் முதல் பாதி சொன்னால், அடுத்தவர் மறுபாதி சொல்ல வேண்டும். வழக்கமாக மறுபாதி ஆயாவுடையது. அன்று வாய் அசையவில்லை. அம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மறுபாதியை நான் சொன்னேன். ஐம்பத்து மூன்று மணிக்கும். சின்ன வயசில் கேட்டது, ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. பொய் சொல்கிறோமா என்று நடுவில் தோன்றியது. அப்பா வாசலில் நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்றைக்கும் இல்லை. அன்றைக்கு எழுந்து போகவில்லை, அவ்வளவுதான்.