வட சிலாங்கூர்ப் பிரயாணம் – 4: தோட்டங்களின் மேல் எழுந்த நகரங்கள்

சபாக் பெர்ணம் மாவட்டத்தின் கடலோரத்தில், சேற்று நிலமும் கண்டல் மரங்களும் அலையைத் தூரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும் பாகான் நக்கோடா ஓமாரில் நின்று தென்கிழக்குத் திசையை நோக்கினால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் 452 மீட்டர் உயரத்தில் தலைநகரின் இரட்டைக் கோபுரங்களும், அவற்றையும் விஞ்சி 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118-உம் நிற்கின்றன என்பதற்கு யாதொரு அறிகுறியும் புலப்படாது. தென்னந்தலைகள், செம்பனைத் தோட்டத்தின் கரும்பச்சை விளிம்பு, பள்ளிவாசலின் குவிமாடம் ஆகிய இவைதாம் இங்கே ஆகாயத்தின் எல்லையை வரைகின்றன.

ஆயினும், உயரமான கட்டடங்கள் இப்பிரதேசத்தில் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. சுங்கை பெசாரிலும் செகிஞ்சானிலும் கடைவரிசைகளுக்கு மேலே மூன்று நான்கு மாடி உயரத்தில், ஜன்னல் ஒன்றும் இல்லாமல், சிறுசிறு துவாரங்கள் மாத்திரம் உடையனவாய்ச் சில கட்டடங்கள் எழுந்து நிற்பதைக் காணலாம். அவை உழவாரக் குருவிகள் கூடு கட்டுவதற்காக எழுப்பப்பட்டவை. பதிவு செய்யப்பட்ட குருவிக் குரலை இடைவிடாது ஒலிக்கச் செய்து பறவைகளை உள்ளே அழைக்கிறார்கள். அக்கூடுகள் சீனர்களின் விருந்துகளில் விலையுயர்ந்த பண்டமாகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும் பிரயாணி இங்கே ஒரு பட்டணம் வளர்கிறது என்றே கருதுவான். கிட்டே வந்தால் அம்மாடிகளில் மனிதர் ஒருவரும் வசிப்பதில்லை என்பதை அறிவான். ஆகாயத்தில் தெரியும் உருவத்தைக் கொண்டு ஓர் ஊரின் தன்மையை நிர்ணயிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவ்வாறாயின், தலைநகரின் ஓரத்தில் புதிதாய் எழும் ஒரு குடியிருப்பை நகரம் என்று அழைப்பது எப்போது? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோயல் கேரோ 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இத்தகைய ஊர்களுக்கு ‘விளிம்பு நகரம்’ என்ற பொருள்படப் பெயரிட்டு, ஐந்து லட்சணங்களை வகுத்தார். வாடகைக்கு விடத்தக்க காரியாலய இடம் குறைந்தது 50 லட்சம் சதுர அடி இருக்கவேண்டும். கடைகளுக்கு 6 லட்சம் சதுர அடி. படுக்கையறைகளைக் காட்டிலும் உத்தியோகங்கள் மிகுந்திருக்கவேண்டும். ஜனங்கள் அதனை ஒரே ஊராகப் பாவிக்கவேண்டும். முப்பது வருஷங்களுக்கு முன் அங்கே நகரத்தின் சாயலே இருந்திருக்கக்கூடாது. கட்டடத்தின் உயரத்தைப் பற்றி அவர் ஒரு நிபந்தனையும் விதிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்த அளவுகோலுடன் தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், ஈஜோக் வழியாகத் தெற்கே பிரயாணம் செய்தேன். 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கைத் தொட்டதிலிருந்து, தலைநகரின் கரம் இவ்வளவு தூரம் நீண்டுவிட்டது. புஞ்சாக் அலாமில் வீட்டு வரிசைகள் மலைச்சரிவு முழுதும் பரவியிருக்கின்றன. பல்கலைக்கழக வளாகமும் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் சாலையை நிறைக்கும் வாகனங்கள் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறுவனவாகவே இருக்கின்றன. வேலை வேறிடத்திலும் உறக்கம் இவ்விடத்திலுமாக இருக்கும்வரை இதனை நகரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. காலையில் ஜனங்கள் உள்ளே வருகிறார்களா, வெளியே போகிறார்களா என்ற ஒரு கேள்வியே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. பெட்டாலிங் ஜெயாவும், 1995-இல் பேரங்காடி திறக்கப்பட்ட பண்டார் உத்தாமாவும், சுபாங் ஜெயாவும் அக்கேள்விக்கு ‘உள்ளே வருகிறார்கள்’ என்று எப்பொழுதோ விடையளித்துவிட்டன.

ஆனால், கேரோவின் ஐந்தாவது லட்சணத்தை நான் சிலாங்கூரில் ஏற்கமாட்டேன். அவருடைய தேசத்தில், வெர்ஜினியாவின் டைசன்ஸ் கார்னர், முன்பு வயல்களுக்கு நடுவே ஒரு நாற்சந்தியாக இருந்தது. இங்கேயோ அந்த இடங்களில் தோட்டங்கள் இருந்தன. பெட்டாலிங் ஜெயா 1952 முதல் எழுந்தது 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தின்மீது. சுபாங் ஜெயா, சீஃபீல்ட் தோட்டத்தின்மீது. 1978-இல் மாநிலத் தலைநகரான ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மீது. புத்ராஜெயா, முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஆரம்பித்த பிராங் பெசார் தோட்டத்தின்மீது. விடியுமுன் வருகைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டு, மாலையில் லயன் வீட்டுக்குத் திரும்பிய நம்மவர்க்கு வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் ஒரே எல்லைக்குள் அமைந்திருந்தன. கூலி அற்பம், துரையின் அதிகாரமோ அளவற்றது, அந்த வாழ்வை நான் புகழ முற்படவில்லை. எனினும், வேலையும் வசிப்பிடமும் ஒன்றுகூடுவதே நகரத்தின் உயிர்நாடி என்றால், அது இருந்த இடத்தைக் கலைத்துத்தான் புதிய நகரங்கள் அதனை மீண்டும் தேடத் தொடங்கின.

கலைந்தவர்கள் எங்கே போனார்கள்? பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் ஜனங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டு, தரைவீடு வேண்டுமென்று பல ஆண்டுகள் கோரி நின்றார்கள். நகரம் வருமுன்பே சீஃபீல்ட் தோட்டத்தில் இருந்த மகா மாரியம்மன் கோயிலின் நிலப்பிரச்சினை 2018 நவம்பரில் தேசத்தையே கலங்க வைத்தது. எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இன்றும் அப்பெயருடனேயே பண்டார் உத்தாமாவில் நடைபெறுகிறது. அந்தப் பள்ளியின் வாசலைக் கடந்து பேரங்காடிக்குச் செல்லும் இளைஞருள் எத்தனை பேருக்கு அப்பெயரின் வரலாறு தெரியும்!

இப்பொழுது சுங்கை பூலோவை அடுத்த எல்மினா தோட்டம் அதே பெயரில் நகரமாகிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வடக்கே, 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்து, 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவிய தென்னமாரம் இருக்கிறது. சாலை வந்துவிட்டது; வீடு கட்டுவோரும் வரத்தான் போகிறார்கள். நகரம் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரும்போது வேலையையும் கூடவே கொண்டுவரட்டும், அவ்வேலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் உரிய பங்கு கிடைக்கட்டும்.

எஃபிங்ஹாமிலும் சீஃபீல்டிலும் எல்மினாவிலும் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். லயன்கள் நின்ற வரிசையையும், கோயிலும் பள்ளியும் இருந்த இடத்தையும், எந்த ஆண்டு எவ்விடத்திற்குப் பெயர்ந்தார்கள் என்பதையும், நினைவில் உள்ளபடி ஒரு தாளில் வரைந்து இத்தொடருக்கு அனுப்பிவைக்குமாறு அவ்வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.