நல்ல தண்ணீர்

சொற்களும் மனிதரைப் போன்றவையே. தனித்து நிற்கும்போது ஒருவரின் இயல்பு நமக்கு முழுதும் விளங்குவதில்லை. அவர் யாரோடு கூடுகிறார், யாரோடு மாறுபடுகிறார் என்பதைக் கண்ட பின்னரே விளங்குகிறது. பெயர்ச்சொல்லின் முன் நின்று அதனைச் சிறப்பிக்கும் அடைமொழிகளுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். தமிழ் கற்பிப்பதில் இருபது ஆண்டுகளைக் கடந்திருந்த எனக்கு இதனை உணர்த்தியவன், பதினைந்து வயது மாணவன் ஒருவன்.

அப்பொழுது நான் செங்கற்பட்டில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. அடுத்த மாதம் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்று அளித்தேன். தமிழாக்க வேண்டிய ஆங்கிலத் தொடர்களுள் 'பிரெஷ் வாட்டர்' என்பதும் ஒன்று.

மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன், அதற்கு 'நல்ல தண்ணீர்' என்று எழுதியிருந்தான். 'பிரெஷ்' என்றால் புதியது; 'நல்ல' என்பதற்கோ ஆங்கிலத்தில் 'குட்' என்னும் வேறு சொல் உண்டு. இவ்வாறு எண்ணிய நான் அவன் விடையைச் சிவப்பு மையால் அடித்துப் 'புதுநீர்' என்று திருத்தினேன். அதனோடு நில்லாமல் அவ்விடையை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். மாணவர்கள் நகைத்தனர்.

அவன் எழுந்து நின்றான். "ஐயா, எங்கள் ஊர்க் கிணற்றில் கடல் புகுந்துவிட்டது. இப்போது அதில் இருப்பது புதுத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்குத்தான் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம்" என்றான்.

அவன் குரலில் சினம் இல்லை. உள்ளதை உள்ளவாறே சொன்னான். வகுப்பில் சிரிப்பு அடங்கிற்று. என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

கொளவாய் ஏரியைக் கண்டு வளர்ந்தவன் நான். எனக்கு நீரெல்லாம் நல்ல நீரே. கடற்கரையில் வாழ்வோர் நிலை அத்தகையதன்று. அங்கே மணலுள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிடக் கனம் குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கும். அதனாலேயே கடலை ஒட்டிய கிணறுகளிலும் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. அலை ஏறிக் கிணற்றை நிரப்பினால் அந்த நீர் கெடும். நீர் நிறைந்திருந்தும் நாவு வறளும்.

அன்றிரவு நன்னூலை எடுத்துப் புரட்டினேன். அடைமொழி இனம் உள்ளதாகவும் வரும், இனம் இல்லாததாகவும் வரும் என்பது நான் பன்முறை நடத்திய பாடம். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது பெறப்படும். செஞ்ஞாயிறு என்றால் வேறு நிறத்து ஞாயிறு இல்லை. 'நல்ல தண்ணீர்' என்பதோ, உப்புத் தண்ணீர் என்னும் இனத்தை விலக்க வந்த அடை. இவ்விலக்கணத்தை நான் ஏட்டில் படித்திருந்தேன். அவன் கிணற்றடியில் படித்திருந்தான்.

பின்னர், ஆங்கில ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் பெரிய அகராதியை வாங்கிப் பார்த்தேன். அதில் கண்ட செய்தி என்னை மேலும் வியப்பில் ஆழ்த்தியது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபெர்ஷ்' என வழங்கிய அச்சொல், நீரைக் குறிக்கும்போது உப்பில்லாதது என்றே பொருள்பட்டதாம்! மாணவனின் விடை அச்சொல்லின் பழம்பொருளையே தொட்டிருந்தது.

ஆங்கிலேயர் அந்த ஒரு சொல்லையே மீனுக்கும் பாலுக்கும் காற்றுக்கும் அடையாக்குவர். நாமோ, கருவாடு அல்லாததைப் பச்சை மீன் என்கிறோம். அம்மீனின் நிறம் பச்சை அன்று. காய்ச்சி நெடுநேரம் வைக்காத பாலைக் கறந்த பால் என்கிறோம். வாடாத மலரை அன்றலர்ந்த மலர் என்கிறோம். புழுக்கமும் புகையும் இல்லாத காற்றைத் தூய காற்று என்கிறோம். ஆகவே, அடைமொழியை மொழிபெயர்க்கப் புகுவோர், 'இச்சொல் இங்கே எதனை விலக்குகிறது?' என்று முதலில் வினவ வேண்டும்.

மறுநாள் வகுப்பில், எல்லார் முன்னிலையிலும் என் திருத்தத்தை அடித்துவிட்டு, அவனுக்குரிய மதிப்பெண்ணை வழங்கினேன். "நேற்றுப் பிழை செய்தவன் நான்" என்றும் கூறினேன். அவன் தலைகுனிந்து புன்னகை செய்தான்.

மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நாள்தோறும் 10 கோடி லிட்டர் நீர் வழங்கும் ஆற்றல் உடையதாக அஃது அமைக்கப்பட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனை நீக்க எத்துணைப் பொறிகள், எத்துணை மின்னாற்றல்! அவ்வழியே செல்லும்போதெல்லாம் அம்மாணவனை நினைத்துக்கொள்கிறேன்.

மாணவர்களே! அகராதியைப் போற்றுங்கள், இலக்கணத்தையும் போற்றுங்கள். ஆயினும், ஒரு சொல்லை நாள்தோறும் வாழ்வில் வழங்குவோரிடமும் அதன் பொருளைக் கேட்டறியுங்கள். 'நல்ல' என்னும் சொல்லின் பொருளை, உப்புநீரைக் குடித்து உமிழ்ந்தவன் நன்கு அறிவான்.