கண்டி வீதியிலிருந்து நுவரெலியா வரை

வடலியும் பனையும் செம்மண் தோட்டமுமாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மட்டமாய்க் கிடக்கும் நிலத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மலைநாடு என்றாலே மனத்தில் ஒரு கிளர்ச்சி உண்டாவது இயல்பு. ஏப்ரல் மாதத்து வெயில் யாழ்ப்பாணத்துக் கூரைகளைக் காய்ச்சி எடுக்கும் வேளையில், நுவரெலியாவிலோ வசந்தகாலக் கொண்டாட்டம் நடைபெறும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களையும் நீர்வீழ்ச்சிகளையும் பற்றி எழுதியோர் பலர். அங்கே செல்லும் பாதையையும், அப்பாதையிற் காரைச் செலுத்துவதிலுள்ள வேகத்தையும் இன்பத்தையும் பற்றி எழுதியோர் சிலரே. அக்குறையைச் சிறிது நிரப்ப முயல்வோம்.

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் இரண்டு குடும்பங்களாக, இரண்டு கார்களில் நாம் புறப்பட்டோம். முதலாவது கார், எம்மோடு ஒரே கல்லூரியிற் பல்லாண்டு கற்பித்து இளைப்பாறிய நண்பருடையது. ஐந்து கியர்களைக் கையால் மாற்றி ஓட்டும் சிறிய கார். 'மனுவல்' என்று நம்மவர் சொல்வது இதனையே. இரண்டாவது, வங்கியொன்றிற் பணிபுரியும் அவருடைய மகனுடையது. கிளச் மிதியே இல்லாத 'ஓட்டோ கியர்' கார். பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் இனத்தைச் சார்ந்தது.

நண்பருக்குச் சில ஆண்டுகளாக இடது முழங்காலில் வாதநோவு. "காரை வித்துப்போட்டு ஓட்டோ கியர் ஒண்டு எடுங்கோ அப்பா" என்று மகன் சொல்லாத நாள் இல்லை. "கியர் இல்லாத கார் கடிவாளம் இல்லாத குதிரை, தம்பி" என்பது தந்தையின் மாறாத விடை. கார் போனால், தம் வாழ்நாளிற் கற்ற வித்தையொன்றும் கையை விட்டுப் போய்விடும் என்ற துயரம் அவ்விடையிலே மறைந்திருந்ததை நாம் அறிவோம். பிரயாணம் முடிவதற்குள் ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று இருவரும் எம்மை நடுவராக்கினர். இரண்டு கார்களையும் மாறி மாறி ஓட்டிப் பார்க்கும் உரிமையும் அதனால் எமக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதி ஏறத்தாழ 321 கிலோமீற்றர் நீளமுடையது. போர்க்காலத்திற் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடுண்டு, 2009 இற் போர் முடிந்தபின் மறுபடி திறந்த வீதி இது. அதில் தடையின்றிச் செல்வதே ஒரு பாக்கியம் என்பதை மூத்தோர் அறிவர். பெற்றோல் கிடையாத அந்நாட்களில், மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு குடாநாட்டு ஒழுங்கைகளில் ஓடிய காட்சியை யார் மறப்பர்? மொரிஸ் மைனரின் முதலாம் கியருக்கு ஒத்திசைவுப் பொறி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் போது அதனைப் போடுவதானால் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினைச் சற்று உறுமச் செய்து, செவியால் காலம் பார்த்துப் போடவேண்டும். நம் நண்பர் பழகியது அவ்விதக் காரிலேதான்.

ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை என்று ஊர்கள் பின்னோடின. மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற சட்ட எல்லைக்குள், சமதரையில் இரு கார்களுக்கும் வேற்றுமை ஒன்றும் தோன்றவில்லை. மனுவல் கார் ஐந்தாம் கியரில் விழுந்தால் விழுந்ததுதான், கைக்கு வேலையில்லை.

கியர் என்பது எதற்காக என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. எஞ்சின் மிக மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலு குறைவு; அளவுக்கு மிஞ்சிய விரைவிலும் அது தளர்ந்துவிடும். நடுவிலுள்ள ஓர் எல்லைக்குள்ளேதான் அது நன்றாக உழைக்கும். காரோ நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீற்றர் வேகம் வரை ஓடவேண்டும். இவ்விரண்டையும் பொருத்தி வைப்பதே கியர்ப்பெட்டி. முதற் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்றரைச் சுற்றுச் சுற்றினால்தான் பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறையும், திருப்பும் வலு பெருகும். ஐந்தாம் கியரில், எஞ்சின் ஒரு சுற்றை முடிக்குமுன்பே தண்டு தன் சுற்றை முடித்துவிடும். கியர் வைத்த சைக்கிளில் மேட்டை ஏறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வேலையைச் சாரதியின் கையிலிருந்து வாங்கித் தானே செய்வது ஓட்டோ கியர். இது இன்று நேற்று வந்த புதுமையன்று. ஜேர்மானியரான ஹேர்மன் பொட்டிங்கர், எண்ணெயின் ஓட்டத்தால் வலுவைக் கடத்தும் கருவிக்கு 1905 இலேயே உரிமை பெற்றார். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939 இல், 1940 ஆம் ஆண்டு ஒல்ட்ஸ்மொபில் கார்களுக்கென 'ஹைட்ரா-மற்றிக்' என்ற பெட்டியை வெளியிட்டது. ஒல்லாந்து நாட்டு டாப் கம்பெனி 1958 இல், பற்சக்கரங்களுக்குப் பதிலாகப் பட்டியும் கப்பியும் கொண்டு, படிப்படியாக அன்றி ஒரே சீராக விகிதம் மாறும் காரொன்றைச் செய்தது. ஹைபிரிட் கார்களிலோ, சூரியனைக் கோள்கள் சுற்றுவது போன்ற பற்சக்கரத் தொகுதியொன்றும் மின் மோட்டார்களும் சேர்ந்து இவ்வேலையை முடிக்கும் முறை பரவியுள்ளது.

மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கிவிட்டுக் கண்டியை அடைந்தபோது பிற்பகல். விடுமுறை நெரிசலில் கார்கள் எறும்புபோல் ஊர்ந்தன. நூறு யார் போவதற்குள் இருபது முறை கிளச்சை மிதிக்க வேண்டியிருந்தது. நண்பர் முகத்தில் வியர்வை அரும்பியது, உதடுகளை இறுக்கிக்கொண்டார். பேராதனையை அடைந்ததும் ஓரமாக நிறுத்தி, "மாஸ்ரர், இனி நீங்கள் பிடியுங்கோ" என்றார். அவ்வளவு நேரமும் அவர் மகன், பாட்டுக் கேட்டபடி ஒற்றைக் காலால் ஓட்டிக்கொண்டு எங்கள் பின்னே வந்தார். நகரத்தைப் பொறுத்தவரையில் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் மலை வேறு நியாயம் பேசியது. கம்பளையைக் கடந்து புசல்லாவை நோக்கி ஏறத் தொடங்கியதும், வீதி பாம்புபோல் வளைந்து நெளிந்தது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் தூரம் எண்பது கிலோமீற்றருக்கு உட்பட்டதே. நுவரெலியா நகரமோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. வளைவு கண்ணுக்குத் தெரியுமுன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, திரும்பும்போது எஞ்சினின் குரலைக் கேட்டு, நிமிர்ந்தவுடன் மூன்றுக்கு ஏற்றினோம். கையும் காலும் செவியும் ஒரு தாளத்துக்கு இசைந்தன. மிருதங்கக்காரனுக்குத் தனியாவர்த்தனம் கிடைத்தது போன்ற மகிழ்ச்சி அது. அருகிலிருந்த நண்பர் "இப்ப இறக்குங்கோ... ஓம், இப்ப ஏத்துங்கோ" என்று தாளம் போட்டார். கால் நோவை அவர் மறந்துவிட்டார் என்றே தோன்றியது.

கீழே கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடாக மின்னியது. 109 மீற்றர் உயரமுள்ள றம்பொடை அருவி, தேயிலைப் பசுமையின் நடுவே பிளவுண்டு வீழ்ந்தது. ஆஞ்சநேயர் கோயிலைத் தரிசித்து, 2008 இல் திறந்த 225 மீற்றர் நீளச் சுரங்கப் பாதையுள் நுழைந்து வெளிவந்தோம். அதன்பின் மகனுடைய காரை வாங்கி லபுக்கலைத் திருப்பங்களில் ஓட்டினோம். மிதித்தவுடன் மோட்டாரின் உந்துவிசை ஓசையின்றி வந்தது. கியர் மாற்றும் இடைவெளியில் வேகம் தளரவில்லை. வளைவு வருவதை மட்டும் அதனால் அறிய இயலவில்லை. நாம் காலை எடுத்தபின்பே அது தன் போக்கை மாற்றியது. இனிய வாகனம், ஆயினும் நாம் ஓட்டினோம் என்பதிலும், அதில் அமர்ந்து சென்றோம் என்பதே பொருந்தும்.

எது முதலில் நுவரெலியாவை அடைந்தது? இரண்டும் ஒன்றாகவே அடைந்தன. மலைவீதியில் வேகத்தைத் தீர்மானிப்பது கியரன்று. முன்னே செல்லும் பஸ்!

வேகத்தை உண்மையாக அளக்க வேண்டுமானால் பந்தயத் தளத்துக்குப் போகவேண்டும். நுவரெலியாவுக்கு அதிலும் ஒரு பெருமையுண்டு. மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934 இலேயே தொடங்கியது. அக்காலத்தில் வெற்றி, கியரை விரைந்து மாற்றும் கையைப் பொறுத்திருந்தது. இன்று உலகப் பந்தயங்களில் அந்நிலை மாறிவிட்டது. 1989 இல் பெராரி கம்பெனி, ஸ்டியரிங்கின் பின்னுள்ள சிறு தகடுகளை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் காரை போர்மியுலா வன் பந்தயத்தில் இறக்கியது. பிரேசிலில் நடந்த முதற் பந்தயத்திலேயே நைஜல் மன்செல் அதனை ஓட்டி வெற்றி பெற்றார். இரண்டு கிளச்சுகள் கொண்ட பெட்டிகள் பின்னர்த் தெருக் கார்களுக்கும் வந்தன. ஒரு கிளச் ஒரு கியரைப் பிடித்திருக்கையில் மற்றது அடுத்த கியரை ஆயத்தமாக வைத்திருக்கும். எந்த மனிதக் கையும் அதனுடன் போட்டியிட முடியாது.

ஓர் உதாரணம் காட்டுவோம். 2021 இல் வந்த போர்ஷே 911 ஜீ.ரீ. 3 என்ற கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அடைய, ஓட்டோ கியருடன் 3.4 செக்கனும் மனுவல் கியருடன் 3.9 செக்கனும் கொள்ளும் என அதனைச் செய்தோரே அறிவித்தனர். சுவை யாதெனில், 2013 இல் வந்த ஜீ.ரீ. 3 ஓட்டோ கியருடன் மட்டுமே விற்கப்பட்டது. 2017 இல் மனுவல் கியர் மீண்டும் சேர்க்கப்பட்டது. அரைச் செக்கனை இழந்தாயினும் தாமே கியர் மாற்றி மகிழ விரும்புவோர் உலகெங்கும் உளர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திரும்பும் நாளிலேதான் பிரயாணத்தின் பெரிய பாடம் கிடைத்தது. லபுக்கலையிலிருந்து இறங்குகையில், முன்னே சென்ற மகனின் காரில் பிறேக் விளக்கு அணையவேயில்லை. சில மைல்களுக்குள் கருகிய நாற்றம் எங்களுக்கே எட்டியது. நண்பர் ஹோர்ன் அடித்து மகனை நிறுத்தினார். சில்லுகளருகே அனல் வீசியது. பின்னாசனத்தில் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் ஒன்றுமறியாது தூங்கிக்கொண்டிருந்தனர். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

நடந்தது இதுதான். ஹைபிரிட் கார் இறங்கும்போது மோட்டார் மின்னை உண்டாக்கி மின்கலத்தை நிரப்பும். அதுவே காரை ஓரளவு தடுக்கும். நெடிய இறக்கத்தில் மின்கலம் நிரம்பிவிட்டால் அவ்வழி பெரிதும் அடைபடும். பின்னர் பாரம் முழுவதும் பிறேக்கின் மேல் விழும். அது அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிமானம் குறையும். ஆனால் அக்காரிலும் மருந்து இருந்தது. தெரிவுத் தண்டில் 'டி' என்ற எழுத்தின் பக்கத்தில் 'பி' என்ற எழுத்துண்டு. அதிற் போட்டால் எஞ்சின் சுழன்று காரைத் தடுக்கும். அவ்வெழுத்து எதற்கு என்று மகன் ஒருநாளும் கேட்டதில்லை. "தம்பி, ஏறின கியரிலைதான் இறங்க வேணும். உன்ரை காரிலும் அது இருக்குதடா" என்றார் தந்தை. தேநீர்க் கடையொன்றில் அரைமணி நேரம் பிறேக்கை ஆறவிட்டோம். பிறகு 'பி'யிற் போட்டு, மெல்ல மெல்லக் கம்பளை வரை இறங்கினோம்.

இது அற்ப விஷயமன்று. மறுவருடம், 2025 மே 11 அன்று, இதே பகுதியில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வருட நவம்பர்ப் புயலில் மலைநாட்டு வீதிகள் பல மண்சரிவாற் சிதைந்தன. மலை எவ்வித வாகனத்துக்கும் சலுகை காட்டுவதில்லை.

கண்டியில் நாம் தீர்ப்புக் கூறினோம். வேகத்தில் வெற்றி ஓட்டோ கியருக்கு. இன்பத்தில் வெற்றி மனுவலுக்கு. பாதுகாப்போ, கியர் என்பது யாது என அறிந்த சாரதிக்கு. நளன் தேரோட்டிய கதையை வாசகர் அறிவர். அரசனின் மேலாடை நழுவி வீழ்ந்தது எனச் சொல்லுமுன் தேர் காதவழி கடந்துவிட்டதாம். அக்கதையின் உயிர் வேகத்தில் மட்டும் இல்லை. இருதுபன்னன் நளனிடம் குதிரை நூலைக் கற்றான். தான் அறிந்த எண்ணின் வித்தையை அவனுக்குக் கொடுத்தான். அவ்விதமே தந்தையும் மகனும் கார்களை மாற்றிக்கொள்ளலாம் என்றோம்.

வாகன இறக்குமதி 2020 முதல் தடைப்பட்டு, பழைய கார்களும் யானை விலை விற்ற காலம் அது. ஆகவே இருவருக்கும் அவ்யோசனை பிடித்தது. இப்பொழுது நண்பர் யாழ்ப்பாணச் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் ஓட்டோ கியர் காரில் நோவின்றிச் சென்று வருகிறார். சாரதி அனுமதிப் பத்திரத்துக்காக ஒரு மாதம் மட்டும் கியர் பழகி அதன்பின் தொடாதிருந்த மகன், ஞாயிறு காலைகளில் ஏ-9 வீதியிலே தந்தை அருகிருந்து தாளம் போட, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கப் பழகுகிறார். அடுத்த முறை றம்பொடைத் திருப்பங்களில் அவரே கியர் மாற்றி ஏறவேண்டும் என்பது தந்தையின் ஆசை.