அணில் செய்த வேலை

சேதுப் பாலம் கட்ட உதவிய அணிலுக்கு ராமர் முதுகில் மூன்று கோடு போட்டுக் கொடுத்தாராம். எங்கள் வீட்டு முருங்கை மரத்து அணிலுக்கு முதுகில் நாலு போடலாமா என்று நான் யோசித்துக் கொண்டிருக்கிறேன். அது பாலம் கட்டவில்லை ஸார், அறுத்தது.

கீழே ஹாலில் ரூட்டர். மாடி அறையில் அப்பா, அப்பாவின் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே ஜன்னல் வழியாக வெளியே போய், முருங்கை மரத்தை உரசிக் கொண்டு மேலே ஏறும் ஒரு நீல ஒயர். அப்பாவே இழுத்து, அரை அடிக்கு ஒரு கிளிப் அடித்து, ஸ்கேல் வைத்தது போல் கட்டிய ஒயர். சும்மாவா? தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டர். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் 78 ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்களே, அந்தக் கூட்டத்தில் எங்கப்பாவும் ஒருத்தர்.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஒயரை அணில் கடித்தது. ஒரு இடத்தில் இல்லை, ஐந்து இடத்தில். ருசி பிடித்துப் போயிருக்க வேண்டும்.

"ஜாயிண்ட் போட்டுடலாம்" என்று அப்பா டூல் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். உள்ளே நாலு ஜோடி, எட்டு கம்பி. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு கம்பிகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கொண்டிருந்தார். "இது ஆரஞ்சா, பிரௌனாடா?" என்றார். ஒரு காலத்தில் பள்ளத்துக்குள் குந்தி, டார்ச் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் பிரித்துக் கட்டிய மனுஷன். நான் பதில் சொல்வதற்குள் பையை மூடிவிட்டார். "பழைய ஒயரு. போட்டாலும் நிக்காது" என்றார்.

புது ஒயர் இழுக்கலாமென்றால் வீட்டு ஓனர் குறுக்கே நின்றார். "சுவத்துல இனிமே ஒரு ஆணி கூட அடிக்கப்படாது. அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்."

போனால் போகட்டும், ரெண்டு நாள் நெட் இல்லாவிட்டால் என்ன என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். அப்போதுதான் தென்காசி விவகாரம் வெளியே வந்தது.

தென்காசி என்பது ஊர் மட்டுமில்லை. அப்பாவின் சிநேகிதரையும் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். அங்கே எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். ஆயுசு பூரா அடுத்தவர்கள் பேச வழி பண்ணியவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்காது. போன் பண்ணினால் அவர் ஒன்று பேசுவார், அப்பா ஒன்று பேசுவார். அதனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு செஸ் ஆட ஆரம்பித்தார்கள். நெட்டில். அந்தக் காலத்தில் போஸ்ட் கார்டில் ஆடுவார்களே, அந்த மாதிரி ஆட்டம். ஒரு காயை நகர்த்த மூன்று நாள் கெடு. தாண்டினால் தோல்வி.

தென்காசி கடைசியாகக் காய் நகர்த்தியது வியாழன் மாலை ஆறு மணிக்கு. அப்பா ராத்திரி பூரா யோசித்து, குதிரையை வைத்து ராஜா, ராணி ரெண்டுக்கும் ஒரே சமயத்தில் குறி வைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, விடிந்ததும் ஆடலாம் என்று படுத்திருக்கிறார். விடியலில் அணில்.

"என் செல்லுல ஆடுங்கப்பா!"

"பாஸ்வேர்டு அந்தப் பெட்டிக்குள்ளல்ல இருக்கு."

"ஈ-மெயில்ல போய் மாத்திக்கலாமே?"

"அதோட பாஸ்வேர்டும் அதுக்குள்ளதான்."

ஆக, ஞாயிறு மாலை ஆறு மணி கெடு. ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுத்துவிடுகிற ஒரே ஆள் நான் என்பதால், எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தத் தைரியத்தில், "ஒயரே வேண்டாம்ப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர். கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. "பழைய சிஸ்டம்ப்பா, விண்டோஸ் ஏழு" என்றேன். கடைப் பையன் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "சொருகுங்க ஸார், ஓடும்."

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சொருகினேன். ஓடவில்லை.

கம்ப்யூட்டரின் சரித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2009ல் வாங்கியது. கோர் டூ டுவோ, 2 ஜி.பி. ராம். சொருகியதும் 'டிங்' என்றது, பிறகு 'டொங்' என்றது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. டப்பாவில் கையகல சி.டி. ஒன்று இருந்தது. போடலாமென்றால் சி.டி. டிரைவின் தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. வருஷக் கணக்கில் யாரும் திறக்காத தட்டு. நான் நெயில் கட்டரை எடுத்து நெம்பப் போனேன்.

"இரு" என்றார் அப்பா. அம்மாவிடமிருந்து ஒரு ஊக்கை வாங்கி, நிமிர்த்தி, தட்டுக்குக் கீழே இருக்கிற குண்டூசி ஓட்டையில் குத்தினார். தட்டு அரை இன்ச் வெளியே வந்தது. அப்படி ஒரு ஓட்டை இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

சி.டி.யில் இருந்த டிரைவர் போட்டும் மஞ்சள் முக்கோணம் போகவில்லை. காரணத்தைச் செல்போனில் தேடிப் பிடிக்க ஒரு மணி ஆயிற்று. இந்த மாதிரி அடாப்டர்களில் டப்பாவின் மேல் இருக்கிற பெயர் ஒன்று, உள்ளே இருக்கிற சிப் வேறொன்று. போன வருஷம் ஒரு சிப், இந்த வருஷம் இன்னொரு சிப், டப்பா மட்டும் அதேதான். சிப்பின் நிஜ ஜாதகம் 'ஹார்ட்வேர் ஐடி' என்ற இடத்தில் இருக்கும். அங்கே ஜீரோ, பி, டி, ஏ என்று ஆரம்பித்தால் அது ரியல்டெக் சிப். அடுத்த நாலு எழுத்து எந்த மாடல் என்று சொல்லிவிடும். அந்த நம்பரை வைத்துத்தான் டிரைவர் தேட வேண்டும். டிரைவர் வேண்டுமென்றால் நெட் வேண்டும், நெட் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. என் ஆபீஸ் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, மாடிக்கு எடுத்துப் போனேன்.

அன்று நான் ஏறி இறங்கிய படிகளைக் கூட்டினால் மலைக்கோட்டை பிள்ளையாரைத் தரிசித்த புண்ணியம் உண்டு.

புது டிரைவரையும் விண்டோஸ் ஏற்கவில்லை. 64 பிட் விண்டோஸில் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து இருந்தாக வேண்டும். கையெழுத்து இருந்தது. ஆனால் அது புது பாணிக் கையெழுத்து, பழைய விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கொடுக்க 2019ல் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் போடுவதற்கு முன்னால் இன்னொரு திருத்தம் போட வேண்டும். அப்பாவோ 'அப்டேட்' என்று எது கேட்டாலும் 'வேண்டாம்' பட்டனை அழுத்தும் ஜாதி. மறுபடி லேப்டாப், மறுபடி பென் டிரைவ், மறுபடி படி.

"சாப்பிட வர்ற உத்தேசம் இருக்கா?" என்று கீழேயிருந்து என் மனைவி கேட்டபோது மணி மூன்று.

மூன்றரைக்கு முக்கோணம் மறைந்தது. வலது மூலையில் தெரு முழுக்க இருக்கும் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. எதிர் வீட்டுக்காரர் தன் வைஃபைக்கு 'கேட்காதே' என்று பெயர் வைத்திருப்பது அன்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெயரை அமுக்கினேன். சேர்ந்தது. "பார்த்தீங்களா!" என்று நான் திரும்புவதற்குள் அறுந்தது. மறுபடி சேர்ந்தது. மறுபடி அறுந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே கதை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "பின்னாடி குத்திப் பாத்தியா?" என்றார். காலையிலிருந்து அது மூன்றாவது தடவை.

"முன்னாடி பின்னாடி எல்லாம் ஒண்ணுதாம்ப்பா. இது சாஃப்ட்வேர் ப்ராப்ளம்."

சொன்ன விதம் கொஞ்சம் கடுகடுவென்று வந்துவிட்டது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் 'மன்னிச்சுக்கோங்கப்பா' என்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பிரௌசரை மூடித் திறந்து மூடிக் கொண்டிருந்தேன்.

கால் மணி கழித்து டூல் பையோடு திரும்பி வந்தார். கையில் ஒரு பழைய யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர், நடுவில் தோல் சீவி. உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும் ஓர் இடத்தில் மினுக்கிக் கொண்டிருந்தன. அந்த இரண்டும் கரன்ட் கொண்டு போகிற கம்பிகள். அடாப்டரை அந்த ஒயரில் மாட்டி, முன்பக்கம் சொருகச் சொன்னார். மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்தார்.

"எவ்வளவு காட்டுது? எனக்குத் தெரியலை."

"4.3."

"எவ்வளவு இருக்கணும்?"

செல்போனில் பார்த்தேன். "அஞ்சு வோல்ட்."

"ம்" என்றார். அவ்வளவுதான். நானாயிருந்தால் அந்த இடத்தில் ஒரு பிரசங்கமே பண்ணியிருப்பேன்.

முன்பக்க ஓட்டைகளுக்கு மதர்போர்டிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர் வருகிறது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அதன் முனை துருப்பிடித்தால் கரன்ட் குறையும். வைஃபை தகவல் அனுப்பும்போது கொஞ்சம் அதிகமாகக் கரன்ட் இழுக்கும், அப்போது படுத்துவிடும். பின்பக்க ஓட்டைகள் மதர்போர்டிலேயே இருப்பவை. பெட்டியின் எல்லா ஒயரையும் பிடுங்கி, வெளியே இழுத்து, பின்னால் சொருகினோம். 4.9. அடுத்து அப்பா அடாப்டரைப் பெட்டிக்குப் பின்னாலேயே தொங்கவிடாமல், நீட்டிப்பு ஒயரோடு மேலே கொண்டு போய் ஜன்னல் கம்பியில் கட்டினார். "இரும்பு பீரோவுக்குப் பின்னாடி ஏரியலை வெச்சா எப்படிடா கேக்கும்?" கட்டிய முடிச்சு லைன்மேன் முடிச்சு. சிக்னல் ஒரு கோட்டிலிருந்து நாலு கோடு ஆயிற்று.

மணி ஐந்தே முக்கால். கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஏதோ இங்கிலீஷில் சொல்லி எஃப்1 அமுக்கச் சொன்னது. படிக்காமல் அமுக்கினேன், ஆபீஸ் பழக்கம். வைஃபை கெட்டியாக நின்றது. செஸ் பக்கத்தைத் திறந்தால், 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக ஒரு எச்சரிக்கை. வேறு பக்கங்களைத் திறந்தேன். எல்லாமே சிவப்பு.

ஐந்து ஐம்பது. எனக்குக் கை உதறியது. குதிரை, ராஜா, ராணி எல்லாம் கண் முன்னால் வந்து போனார்கள்.

அப்பா மானிட்டருக்குக் கிட்டே வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூலையைப் பார்த்தார். "டேய், இது என்ன 2009னு போட்டிருக்கு?"

விஷயம் இதுதான். பெட்டிக்குள் எட்டணா காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு, சி.ஆர். 2032 என்று பெயர், மூன்று வோல்ட். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் இல்லாதபோதும் தேதியை ஞாபகம் வைத்திருப்பது அதன் வேலை. அது எப்போதோ செத்துவிட்டது. பிளக்கைப் பிடுங்காத வரை தெரியவில்லை, பின்பக்கம் மாற்றுவதற்காகப் பிடுங்கியதும் பெட்டி பிறந்த வருஷத்துக்கே போய்விட்டது. ஒவ்வொரு இணையதளத்துக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஓர் அடையாள அட்டை இருக்கிறது. 2009ல் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு அந்த அட்டை இன்னும் பிறக்கவே இல்லை. போலி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது.

தேதியைக் கையால் மாற்றினேன். பக்கம் திறந்தது. ஐந்து ஐம்பத்து நான்கு.

அப்பா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்து, குதிரையைத் தூக்கி, வைத்தார். ஒரு நிமிஷம் ஆகவில்லை, அவர் செல்போனில் எஸ்.எம்.எஸ். வந்தது. என்னிடம் நீட்டி, படிக்கச் சொன்னார். 'உசுரோடதான் இருக்கியா? நாளைக்குப் பஸ் ஏறலாம்னு இருந்தேன்.'

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு டூல் பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பை எடுத்து, தோல் சீவிய இடத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிற பையனிடம் இந்த வீரக்கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செல்போனை யூ.எஸ்.பி. ஒயர்ல மாட்டி 'டெதரிங்' ஆன் பண்ணியிருந்தா பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துல நெட் வந்திருக்குமே ஸார்" என்றான். "விண்டோஸ் 7க்கு 2020லயே பாதுகாப்பு நிறுத்தியாச்சு. அதுல பேங்க் வேலை மட்டும் பண்ணாதீங்க."

பேங்க் விஷயத்தை அன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். டெதரிங் விஷயத்தைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.