மணியின் நாவைக் கட்டிவிட்டு

பாஸ்கா திருவிழிப்பு இரவில், நீரோடையை நாடும் மானைப் பற்றிய 42ஆம் திருப்பாடலைப் பாடும் வழக்கம் நம் திருச்சபையில் உண்டு. ஆண்டுதோறும் நாமும் அதை உருக்கத்தோடு பாடியே வந்தோம். ஆனால், தாம்பரத்தை அடுத்த பங்கொன்றில் பணியேற்கும்வரை, வேலிக்கு வெளியே உலவும் மான் ஒன்றைக் கண்ணாரக் கண்டதில்லை. குருமடத்தில் கற்ற காலந்தொட்டு மான் நமக்கு ஓர் உவமையாகவே இருந்தது.

இந்தக் குறையைப் போக்கியவர் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டக் காவலில் கழித்தவர். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் ஒரு நாள் வந்து, "சாமி, பாட்டுல வர்ற மானைப் பாக்க வர்றீங்களா? கலைமான் கத்துற காலம் இது" என்று அழைத்தார். காலைத் திருப்பலி முடிந்ததும், அணிந்திருந்த வெள்ளை அங்கியோடே புறப்பட்டோம். அவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "இது கோயிலுக்குச் சரி சாமி, காட்டுக்கு ஆகாது" என்றார். மங்கிய நிறச் சட்டை ஒன்றை அணிந்துகொண்டோம். முதல் பாடம் அதுதான்.

மான்களைக் காண நாம் முதுமலைக்கோ, வட நாட்டுக் காடுகளுக்கோ செல்ல வேண்டியதில்லை. 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தில் சேலையூர்க் காட்டுநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. 350 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த வளாகத்தில், எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் வேதியியல் பேராசிரியர் மரம் செடிகளைத் தேடித் தேடி வளர்த்தார். அந்தப் புதர்க்காட்டில் இன்றும் புள்ளிமான்கள் உலவுகின்றன. வடக்கே, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காடு இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். எனினும் புள்ளிமானும் வெளிமானும் ஒருங்கே வாழும் இடம் அது. வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் செல்வோர், அதற்குத் தெற்கேயுள்ள கோடியக்கரையில் வெளிமான் கூட்டங்களைப் பரந்த புல்வெளியிலேயே காணலாம். எங்கு சென்றாலும், உரியவர்களிடம் அனுமதி பெற்றே நுழைய வேண்டும்.

இவ்விரண்டு மான்களுக்கும் வேறுபாடு உண்டு. புள்ளிமானின் கிளைத்த கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் முறுக்கிய கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. புள்ளிமான்கள் நம் பகுதியில் ஆண்டு முழுவதும் இணை சேரக்கூடியவை எனினும், கோடையும் அதனைத் தொடரும் மாதங்களுமே அதற்குச் சிறந்த பருவம். வெளிமானுக்குப் பங்குனி, சித்திரையை ஒட்டி ஒரு பருவமும், ஆவணி முதல் ஐப்பசிவரை மற்றொரு பருவமும் உண்டு. அப்போது ஆண் வெளிமான் தனக்கென ஓர் இடத்தை வகுத்துக்கொண்டு, அதன் எல்லையிலே சாணக் குவியல்களை இட்டுக் காவல் காக்கும்.

எங்கே அமர்வது என்பதை முதியவர் மண்ணையும் மரத்தையும் பார்த்தே முடிவு செய்தார். கொம்பின்மேல் போர்த்திருந்த மென்மயிர்த் தோல் உரிந்ததும், கலைமான் இளமரங்களில் கொம்பைத் தேய்க்கும். பட்டை கிழிந்த மரம் முதல் அடையாளம். புதரும் புல்வெளியும் சந்திக்கும் ஓரம், குட்டையை நோக்கிச் செல்லும் தடம், பழம் உதிரும் ஆலமரத்தடி ஆகியவை அடுத்த அடையாளங்கள். அவ்வோரத்தில்தான் ஒரு கலைமான் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, கண்ணருகே சுரக்கும் மணத்தை மேலேயுள்ள கிளையில் பூசக் கண்டோம். மறையுரை ஆற்ற எழுந்து நின்றதைப் போல அது தோன்றிற்று. கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை. அந்த அனுபவம் நமக்கும் புதிதன்று.

காற்றைப் பற்றியும் அவரே கற்பித்தார். மானின் மூக்கு அதன் கண்ணைவிடக் கொடியது என்பார். கோடையில் பிற்பகலுக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். எனவே, மாலையில் வெளியின் மேற்கு ஓரத்தில் கிழக்கு நோக்கி அமர வேண்டும். விடியலில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் நோக்கிச் செல்லும். அப்போது கிழக்கு ஓரத்தில் அமர்ந்து மேற்கு நோக்க வேண்டும். இரு வேளைகளிலும் கதிரவன் நம் முதுகுப்புறம் நின்று, எதிரே நிற்பதைத் துலங்கச் செய்யும். இவ்வளவு எளிய ஒழுங்கை ஐம்பது வயதுவரை அறியாதிருந்தோமே என்று வியந்தோம்.

அவ்வியப்பே அடுத்த ஆண்டில் நம்மைத் தவறு செய்ய வைத்தது. பங்கின் இளையோர் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு, புறநகரின் வேறோர் காட்டோரத்திற்குச் சென்றோம். கூட்டம் வேண்டாம் என்று முதியவர் சொன்னதை நாம் பொருட்படுத்தவில்லை. இரண்டு கலைமான்கள் கொம்போடு கொம்பு பிணைத்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. பிணைமான் ஒன்று சற்றுத் தள்ளி நின்றது. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் ஃபாதர்" என்றது ஒரு குரல். நாமே முன்னே நடந்தோம். ஒற்றைக் கூர்ங்குரல் எழுந்தது. அது மானின் ஆபத்துக் குரல். மறுகணம் வெளி காலியாயிற்று. அருகில் புதருக்குள் அசையாமல் கிடந்த குட்டி ஒன்று, நம் காலடியில் மிரண்டு எழுந்து, தாய் சென்ற திசைக்கு மாறாகச் சாலைப் பக்கம் ஓடியது. அங்கே தெருநாய்கள் இருந்தன. நாம் கத்திக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இளையோர் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் முதியவரிடம் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பாக்கணும்னா போதும் சாமி. கிட்டப் போகணும்னு ஆசை வந்தா, எழுந்து வந்துடணும்" என்றார்.

அச்சொல் நெடுநாள் நம்மை உறுத்தியது. இனிமைமிகு பாடலின் இரண்டாம் அதிகாரத்தில், தலைவி எருசலேம் மங்கையரை வயல்வெளி மான்கள்மீது ஆணையிட்டு, காதலை அதன் வேளைக்கு முன் தட்டி எழுப்ப வேண்டாம் என வேண்டுகிறாள். விவிலிய வகுப்பில் இதற்கு எத்தனையோ விளக்கம் எழுதியிருக்கிறோம். ஆணைக்கு மான்களைச் சாட்சியாக்கியது ஏன் என்று அந்தக் குட்டி கிடந்த இடத்தில்தான் சிந்தித்தோம். நம் அகநானூற்றின் நான்காம் பாடலிலும் இவ்வுணர்வே உண்டு. முறுக்கிய கொம்புடைய இரலை துள்ளும் கார்காலத்தில், மனைவியைக் காண விரையும் தலைவன், சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். அவனுக்கும் அவசரம் இருந்தது. அதற்கு வண்டுகளைப் பலியாக்க அவன் விரும்பவில்லை.

அன்பர்களே, இத்தவறு காட்டோடு முடிவதில்லை. மனத்தாங்கலோடு பங்கு இல்லத்திற்கு வரும் கணவன் மனைவியரிடம், தேவைக்கு மேல் ஒரு கேள்வி கேட்டுவிட நமக்கும் நா எழுந்ததுண்டு. உதவுகிறோம் என்று எண்ணியே கேட்டோம். கேட்ட பின் அவர்கள் இருவரும் முன்னிலும் விலகி அமர்ந்ததையும் கண்டோம். பெற்றோர்களும் உறவினர்களும் இதே போல் ஓரடி கூடுதலாக எடுத்து வைப்பதுண்டு. அன்பு வளரும் இடத்திற்கு அருகில் இருப்பவர்க்கு, எங்கே நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதும் உயிர்ப்புக் காலத்தில் ஒரு மாலை நாம் செல்வதுண்டு. முதியவர் இறைவனிடம் சென்றுவிட்டார், தனியாகவே செல்கிறோம். கைப்பேசியை அணைத்துவிட்டு, மேற்கு ஓரத்தில், அவர் காட்டிய மரத்தடியில் அமர்கிறோம். சென்ற முறை ஒரு கலைமான் தலையைத் தாழ்த்தியபடி பிணைமானைப் பின்தொடர்ந்து வெளியைக் கடந்தது. இரண்டும் புதருக்குள் மறைந்தன. எழுந்து இரண்டு அடி நகர்ந்தால் பார்த்திருக்கலாம். நாம் எழவில்லை. இருட்டியபின், வந்த தடத்திலேயே ஓசையின்றித் திரும்பினோம். பின்னால் கரகரத்த குரலில் கலைமான் ஒருமுறை கத்தியது. அது ஆபத்துக் குரல் அன்று.