சோபா லண்டனில்... வீடு வியன்னாவில்!

"ரொம்ப நடக்க வைக்காதேடி!"

வியன்னாவில் மூன்று நாள் என்று மகள் சொன்னதும் அம்மா போட்ட ஒரே நிபந்தனை இதுதான். அம்மாவுக்கு வயது 68. கும்பகோணத்திலிருந்து, மியூனிக்கில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

இருவரும் பேசாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த விஷயம் ஒன்றும் இருந்தது. அப்பா காலமாகி இரண்டு வருடம். கும்பகோணத்து வீட்டை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் நாள் மொசார்ட் வீடு. ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் டோம்காசே என்ற சின்னத் தெருவில் 5-ம் எண். வியன்னாவில் மொசார்ட் வீடு மாற்றிக்கொண்டே இருந்தவர். அப்படிக் குடியிருந்த வீடுகளில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1784 முதல் 1787 வரை இங்கே முதல் மாடியில் வாடகைக்கு இருந்தார். 'பிகாரோவின் திருமணம்' என்ற ஓபராவுக்கு இசை அமைத்தது இந்த வீட்டில்தான்.

உள்ளே போன அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். "கட்டில் எங்கே? அவர் சாப்பிட்ட தட்டு, டம்ளர் ஒண்ணும் இல்லையா?"

இல்லை. எந்த அறையில் தூங்கினார், எதில் எழுதினார் என்பதுகூட உறுதியாகத் தெரியாது. அறைகளும் ஜன்னலும் அந்தக் காலத்து அழகும் உண்டு. அவர் புழங்கிய சாமான்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அன்று சாயங்காலமே வியன்னா அரசு ஓபராவில் அதே 'பிகாரோ'. நல்ல இருக்கை வேண்டுமென்றால் விலை கண்ணைக் கட்டும். ஆனால், அங்கே நின்றுகொண்டு பார்க்க மலிவான டிக்கெட் உண்டு. 400 பேருக்கு மேல் நிற்கலாம். கம்பியில் கைக்குட்டையையோ துப்பட்டாவையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோலத்தான். அம்மா தன் சால்வையைக் கட்டிவிட்டுச் சொன்னார்: "நடக்க வைக்காதேன்னு சொன்னேன். நிக்க வைக்காதேன்னு சொல்ல மறந்துட்டேன்!"

திரை விலகியது. மேடையில் பாதி காலியான ஓர் அறை. கல்யாணமாகப் போகும் வேலைக்காரன் பிகாரோ, கட்டில் போட இடம் போதுமா என்று தரையை அளந்துகொண்டிருக்கிறான். எதிரே இருந்த சின்னத் திரையில் ஓடிய மொழிபெயர்ப்பை மகள் காதில் சொல்லச் சொல்ல, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையில நான் தேடின கட்டிலை இவனும் தேடறான் பாரு!"

கடைசியில், மனைவிக்குத் துரோகம் செய்யப் பார்த்த பிரபு, எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவள் மன்னிக்கிறாள். அந்த சில நிமிடங்களுக்கு அம்மா மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. கால் வலிக்கிறது என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை பெல்வெடேர் அரண்மனை. கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியத்தின் முன்னால் ஒரே கூட்டம். கிளிம்ட் தங்கத் தகடு வைத்து வரைந்த இன்னொரு புகழ்பெற்ற படமும் இங்கே பல காலம் தொங்கியது. அடேல் ப்ளோக்-பாயர் என்ற யூதப் பெண்மணியின் உருவம் அது. அந்தக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் பறித்தது. அடேலின் சகோதரி மகள் மரியா ஆல்ட்மன் பல வருடம் வழக்காடி, 2006-ல் அதை மீட்டார். அது இப்போது நியூயார்க்கில் இருக்கிறது.

பிற்பகல் போன இடம் பெர்க்காசே 19. மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டு 1891 முதல் 47 வருடம் வாழ்ந்த வீடு. நோயாளிகளைப் படுக்க வைத்து அவர் பேச வைத்த அந்த சோபாவைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அது அங்கே இல்லை. 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பிராய்டு யூதர். 82 வயதில், புற்றுநோயோடு, ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சோபா, புத்தகங்கள், ஆசையாகச் சேர்த்த பழங்காலச் சிலைகள் எல்லாம் லண்டன் போய்விட்டன. கல்கத்தாவிலிருந்து அவருடைய 75-வது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த தந்தத்தாலான விஷ்ணு சிலையும் அதில் சேர்த்தி.

"பெருமாளும் லண்டனா!" என்றார் அம்மா.

நோயாளிகள் காத்திருந்த அறையில் மட்டும் பழைய சாமான்கள் இருக்கின்றன. 1971-ல் இந்த வீடு அருங்காட்சியகம் ஆனபோது பிராய்டின் மகள் ஆனா திருப்பிக் கொடுத்தவை. மற்ற அறைகள் ஏறக்குறைய காலி. குடும்பம் கிளம்புவதற்கு முன்பு ஓர் இளைஞர் ரகசியமாக எடுத்த புகைப்படங்களில்தான் அந்த அறைகளின் பழைய கோலத்தைப் பார்க்க முடிகிறது. பிராய்டின் தங்கைகள் நான்கு பேர் வியன்னாவிலேயே தங்கிவிட்டார்கள். நால்வரும் நாஜி முகாம்களில் இறந்துபோனார்கள்.

சோபா இருந்த இடத்தில் அம்மா ரொம்ப நேரம் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவருக்குச் சாமானைக் கொண்டுபோக ஒரு லண்டன் இருந்தது. ஊஞ்சலை நான் எங்கே கொண்டுபோறது?"

வீட்டைப் பற்றி அம்மா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அப்பா தினமும் பேப்பர் படித்த தேக்குப் பலகை ஊஞ்சல் அது. வீட்டை விற்றால் அதுவும் அதோடு போகும் என்றுதான் பிள்ளைகள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பர்க் கினோ தியேட்டரில் 'தி தேர்டு மேன்'. 1949-ல் வந்த இந்தப் படத்தை அந்தத் தியேட்டர் பல பத்தாண்டுகளாக விடாமல் திரையிட்டு வருகிறது. கலப்பட பென்சிலின் விற்றுக் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனின் கதை. அதில் வரும் இடிபாடுகள் செட் அல்ல. குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்த வியன்னாவிலேயே 1948-ல் படம் பிடித்தார்கள்.

படம் முடிந்து ஓபரா மாளிகை வழியாக நடந்தபோது மகள் சொன்னாள்: "இதுவும் 1945 மார்ச்ல குண்டு விழுந்து எரிஞ்சதும்மா. மேடை, நாம நின்ன கூடம் எல்லாமே போயிடுச்சு. திரும்பக் கட்டி 1955-ல தான் திறந்தாங்க."

"அப்போ நாம நின்னது புதுசா கட்டின இடமா?"

"ஆமாம்மா."

"பாட்டு மட்டும் பழசு" என்றார் அம்மா.

மியூனிக் திரும்பும் ரயிலில் நான்கு மணி நேரப் பயணம். சால்ஸ்பர்க் தாண்டும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிக் கேட்டார்.

"உன் வீட்டு ஹால் எத்தனை அடி அகலம்?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

அன்று ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் செய்த முதல் வேலை, அளவு டேப்பைத் தேடியதுதான்.