பெட்டி இழுக்க எந்த வாகனம்?

மடுத் திருவிழாவுக்குச் சட்டி பானையோடு போய்த் தங்குவது எங்கள் ஊரில் பரம்பரை வழக்கம். அம்மம்மாவின் காலத்தில் கூடார வண்டிலில் போனார்கள். போன இடத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டால் வண்டிலே வீடு. கீழே அடுப்பு, மேலே படுக்கை. இப்போது வண்டிலின் இடத்துக்கு உழவு இயந்திரப் பெட்டி வந்துவிட்டது. அதன்மேல் தறப்பாளைக் கட்டினால் ஒரு குடும்பம் வசதியாகப் படுக்கலாம். இடையில் போரினால் பல ஆண்டுகள் போக முடியவில்லை. 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சொரூபமே மடுவை விட்டு இடம்பெயர நேர்ந்தது. போக்குவரத்துச் சீரான பிறகு பழையபடி போய் வருகிறோம்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் திருவிழாவுக்கு நான்கு குடும்பங்கள் சேர்ந்து நவநாள் முழுவதும் தங்குவதென்று முடிவாயிற்று. பெட்டி உண்டு. அதை இழுக்க எந்த வாகனம் என்பதுதான் கேள்வி. சீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான் என்பதால் இந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. எங்கள் முன் நின்றவை மூன்று: பக்கத்து ஒழுங்கைத் தம்பியின் லாண்ட்மாஸ்டர், சின்னையாவின் மெசி பேர்கியூசன் 240, மச்சாளின் அண்ணர் வைத்திருக்கும் வான். வானின் பின்பக்கத்தில் ஒரு கொழுக்கியை ஒட்டி எடுத்தால் போதும் என்றார் அவர்.

ஆண்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “எது கூட இழுக்கும்?” எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காரணம் உண்டு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் புறப்பட்டபோது எங்கள் சாமானும் ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில்தான் போனது. அம்மம்மா அரிசி மூடைக்கு மேல் இருந்தா. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் எள் விழ இடமில்லாமல் நின்றது. சைக்கிள்கள், கைக்குழந்தைகள், ஆடு மாடுகள். அன்று இழுக்கிற பலம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக, முன்னால் நிற்கும் குழந்தையில் முட்டாமல் பெட்டியைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. லாண்ட்மாஸ்டருக்குப் பிறேக் பெட்டியில்தான் இருக்கும். சாரதி பெட்டியின் முன்னிருக்கையில் இருந்து காலால் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்து வந்த அண்ணைக்கு விடியற்காலையில் கால் வீங்கிவிட்டது.

ஆகவே நான் முதலில் நிறையைக் கணக்குப் பார்த்தேன். ஒரு கொப்பித்தாள் போதும், சகோதரிகளே. அரிசி இரண்டு மூடை 100 கிலோ. விறகு, பாத்திரம், பாய், தறப்பாள் எல்லாம் 400 கிலோ. 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினால் அதுவே 500 கிலோ. அரைகுறையாக நிரப்பினால் தண்ணீர் அலைந்து பெட்டியையும் ஆட்டும். ஆட்கள் 23 பேர், சராசரி 50 கிலோ என்றால் 1150. பெட்டியின் நிறையைச் சேர்க்காமலே இரண்டு தொன்னைத் தாண்டிவிட்டது. லாண்ட்மாஸ்டர் தான் அரைத் தொன்னும் வராது. இரண்டு தொன் பின்னால் நின்று தள்ளினால் அது என்ன செய்யும்?

லாண்ட்மாஸ்டரில் இன்னொரு சங்கதியும் உண்டு. சமதரையில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இடப்பக்கச் சில்லுக்கு இயந்திரத் தொடர்பு அறும். வண்டி இடப்பக்கம் திரும்பும். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது அதே பிடியை அழுத்தினால் தொடர்பு அறுந்த சில்லு வேகமாக உருண்டு வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பழகிய கைக்கு இது தெரியும். ஓட்டப்போவது பத்தொன்பது வயதுத் தம்பி. ஓடுவதும் மணிக்கு 15 கிலோமீற்றர்தான். போவதோ நூறு கிலோமீற்றருக்கு மேல். தோட்டத்துக்கும் வயலுக்கும் அதற்கு நிகர் இல்லை. ஏ9 வீதியில் பேருந்துகளுக்கிடையில் அது பிள்ளைப்பூச்சி. (லாண்ட்மாஸ்டர் என்பது எங்கள் நாட்டு றே விஜேவர்த்தன வடிவமைத்த இயந்திரத்தின் பெயர். இன்று குபோட்டாவையும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.)

வானை நான் உடனேயே தள்ளிவிட்டேன். பம்பரில் ஒட்டிய கொழுக்கி எவ்வளவு தாங்கும் என்று ஒட்டியவருக்கே தெரியாது. கனடாவில் இருக்கும் என் பெறாமகன் தொலைபேசியில் சொன்னான், அங்கே சனம் வீடு மாதிரிப் பெட்டியைக் காரில் கொழுவிக்கொண்டு விடுமுறைக்குப் போகுமாம். ஒன்ராறியோவில் 1360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெட்டிக்குத் தனியாகப் பிறேக் இருக்க வேண்டுமாம். பெட்டியின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொழுக்கியில் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால் பெட்டி வாலாட்டும், இழுக்கும் வாகனத்தின் பின்பக்கத்தையும் தூக்கும். அரிசி மூடையை முன்பக்கம் போடு என்று அம்மம்மா வண்டிலுக்குச் சொன்னதும் இதுதானே!

மிஞ்சியது மெசி. தானே ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறை, வேகமும் லாண்ட்மாஸ்டரை விடக் கூட. ஆனாலும் 23 பேரையும் பெட்டியில் ஏற்ற நான் ஒத்துக்கொள்ளவில்லை. “காலங்காலமாய்ப் பெட்டியிலதானே பிள்ளை போறனாங்கள்” என்று மாமி கோபித்தா. “மாமி, சாமான் விழுந்தால் பொறுக்கலாம்” என்றேன். அதற்குப் பிறகு மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆட்கள் பேருந்தில், தாங்கி வெறுமையாக, சாமான் மட்டும் பெட்டியில் என்று முடிவாயிற்று. பாரம் நாலில் ஒன்றாகக் குறைந்தது. டீசல் செலவை நான்காகப் பிரித்தோம்.

புறப்படும் முன் சின்னையாவோடு நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உழவு இயந்திரத்துக்கு இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிப் பிறேக் மிதி உண்டு. வயலில் திரும்ப வசதி. வீதியில் இரண்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் சுழன்றுவிடும். பூட்டு கறள் பிடித்துக் கிடந்தது. எண்ணெய் விட்டுத் தட்டி இறக்கினோம். பெட்டியைக் கீழ்த்தண்டிலேயே கொழுவ வேண்டும். உயரத்தில் கொழுவினால் இழுக்கும்போது முன்சில்லு எழும்பும். கொழுக்கி ஊசிக்குக் கிளிப், அதற்கு மேலதிகமாக ஒரு சங்கிலி. பின்பக்கத்தில் சிவப்பு ஒளிதெறி வில்லை இரண்டு. இருட்டில் நிற்கும் பெட்டியின் பின்னால் மோதிச் செத்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பகலிலேயே போய்ச் சேர வேண்டுமென்று விடிய ஐந்து மணிக்கு அனுப்பிவைத்தோம்.

மடுவில் பெட்டியைக் கழற்றியதும் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, முன்தண்டுக்கும் பின்பக்கத்துக்கும் மரக்குற்றி வைத்தோம். பின்பக்கத்தில் குற்றி இல்லாவிட்டால் பிள்ளைகள் நாலுபேர் பின்னால் ஏறினாலே பெட்டி குடை சாய்ந்துவிடும். சின்னையா இயந்திரத்தோடு தோட்ட வேலைக்குத் திரும்பிவிட்டார். மாமி பெட்டிக்குள் நல்ல இடமாகப் பார்த்துப் பாயை விரித்தா. மச்சாள் முன்தண்டில் சேலை காயப்போட்டாள்.